சிங்கப்பூர் போகும் தம்பி, ஊரில் நிற்கும் கடன், ஜாமீன் போட்ட அப்பா: போவதற்கு முன் என்ன செய்யணும்?

நெல்லிமரம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்குச் சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு மாசத்துல கிளம்புறான். இங்கே அவன் பேர்ல நிற்கிற கடன் இவ்வளவு:

காடி (கார்) லோன் பாக்கி 38,000 ரிங்கிட். இதுக்கு அப்பா ஜாமீன். கிரெடிட் கார்டு ரெண்டு, சேர்த்து 14,000. ஒரு வங்கியில தனிநபர் கடன் 22,000. பி.டி.பி.டி.என் (அரசு உயர்கல்விக் கடன்) 19,000. இது போக எங்க தாமான்ல (குடியிருப்புல) நடக்குற கூட்டுல (சீட்டுல) முன்னாடியே பணத்தை எடுத்துட்டான், இன்னும் 16 மாசம் 200 ரிங்கிட் கட்டணும்.

அவனோட கூட்டாளிங்க சொல்றது: "போயிட்டா யாரு தேடி வரப் போறா? ஆறு வருஷத்துல கடன் செத்துடும். காடியை சம்பூங் பாயார்ல (லோன் பேர் மாத்தாம, மீதித் தவணையை வேற ஆள் கட்டுற ஏற்பாடு) யாருக்காவது தள்ளிவிட்டுட்டுப் போ." அப்பா தோட்டத்துல வேலை செஞ்சு ஓய்வு பெற்றவர். இருக்கிற மலிவுவிலை வீடு அவர் பேர்ல, கடன் எல்லாம் அடைஞ்சாச்சு. தம்பி கட்டலைன்னா அப்பா திவால் ஆவாரா? வீட்டுக்கு ஆபத்தா? எதை முதல்ல முடிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய கிராணி

தங்கச்சி, நீங்க எழுதின பட்டியல்ல முதல்ல பார்க்க வேண்டியது காடி. தொகை பெருசுங்கிறதால மட்டும் சொல்லல. அதுல மட்டும்தான் இன்னொருத்தர் கையெழுத்து இருக்கு. மத்ததெல்லாம் தம்பியைச் சேர்ந்தது. இது அப்பாவைச் சேர்ந்தது.

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967 எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்குங்க. தொடர்ந்து ரெண்டு தவணை கட்டலைன்னா வங்கி நான்காம் அட்டவணை நோட்டீஸ் அனுப்பும். அதுல 21 நாள் அவகாசம். அதுக்குள்ள பாக்கியைக் கட்டலைன்னா காடியை இழுத்துடலாம். மொத்தத் தொகையில முக்கால் பங்கு கட்டி முடிச்சிருந்தா மட்டும் கோர்ட் உத்தரவு இல்லாம இழுக்க முடியாது. இழுத்த பிறகு ஐந்தாம் அட்டவணை நோட்டீஸ் வரும். அதுல இன்னொரு 21 நாள், பாக்கியும் செலவும் கட்டி மீட்டுக்கலாம். அதுவும் போச்சுன்னா லெலோங், அதாவது ஏலம்.

நிறைய பேரு "காடியை எடுத்துட்டாங்க, கணக்கு தீர்ந்தது"ன்னு நினைக்கிறாங்க. தீராது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுங்க. காடி இன்னிக்கு வெளியில 30,000 போகும்னு வெச்சுக்குவோம். தம்பியே வித்தா 8,000 கையிலிருந்து போட்டு லோனை மூடலாம். தவணை கட்டாம விட்டு, வங்கி இழுத்து, லெலோங்ல 22,000-க்குப் போனா பள்ளம் 16,000. அதுமேல இழுவைக் கூலி, கிடங்கு வாடகை, தாமத வட்டி, லாயர் செலவு எல்லாம் ஏறும். அந்தப் பள்ளத்துக்குத்தான் சம்மன் வரும். தம்பி ஊர்ல இல்ல. அப்பா இருக்காரு, விலாசம் இருக்கு, அவர் பேர்ல வீடும் இருக்கு. வங்கி யாரைப் பிடிக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.

அதனால காடியை வித்துடுங்க. முதல்ல வங்கியில தீர்வுத் தொகைக் கடிதம் கேளுங்க, அதுல எந்தத் தேதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும்னு போட்டிருக்கும். வாங்குறவர் ரொக்கமா வாங்கினாலும் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை மையத்துல பி5 பரிசோதனை வேணும், அவர் லோன் போட்டு வாங்கினா பி7-உம் வேணும். பேர் மாத்த ஜே.பி.ஜே-யில (சாலைப் போக்குவரத்துத் துறை) பொதுவா தம்பியே வந்து கட்டைவிரல் வைக்கணும். சிங்கப்பூர் போன பிறகு இதுக்குன்னு லீவு போட்டு ஓடி வர்றதை விட, கிளம்புறதுக்கு முன்னாடி முடிக்கிறது நல்லது. பள்ளத்தைப் போட கையில காசு இல்லைன்னா, வீட்டுல யாராவது காடியை வெச்சுக்கிட்டு தம்பி மாசா மாசம் கட்டட்டும். ஆனா காடி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

சம்பூங் பாயார் வேணவே வேணாம். வங்கி அனுமதி இல்லாம காடியைக் கைமாத்துறது அந்தச் சட்டத்துலேயே குற்றம். அது போகட்டும், நடைமுறையைப் பாருங்க. காடி வாங்கினவன் நாலு மாசம் கட்டிட்டு நிறுத்துவான். போக்குவரத்துச் சம்மன் எல்லாம் தம்பி பேர்ல வரும். இன்சூரன்ஸ் புதுப்பிக்காம எங்கேயாவது மோதினா பதில் சொல்ல வேண்டியது பதிவுல பேர் இருக்கிறவர். வங்கி இழுக்க வந்தா காடி எங்க இருக்குன்னே தெரியாது. லெலோங் போட காடியே இல்லைன்னா முழு 38,000-மும் பாக்கி. அப்பாவோட ஜாமீனும் முழுசுக்கும் நிற்கும்.

---

தீர்ப்பு நகல்

ஆறு ஆண்டு விஷயத்தையும் திவால் விஷயத்தையும் நான் எழுதுகிறேன். இரண்டிலும் பாதி உண்மை சொல்லிப் பலரை ஏமாற்றுகிறார்கள்.

காலவரம்புச் சட்டம் 1953-இன்படி ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இது வங்கி வழக்குப் போடுவதற்கான கெடு. கடன் தானாக அழியும் கெடு இல்லை. நடுவில் ஒரு தவணை கட்டினாலோ, "கடன் பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ ஆறு ஆண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். வங்கி ஆறு ஆண்டு சும்மா இருக்காது. தவணை நின்ற ஒன்றிரண்டு ஆண்டுக்குள் கோப்பு லாயரிடம் போய்விடும். தீர்ப்பு வாங்கிவிட்டால் அதை அமல்படுத்த 12 ஆண்டு. தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடும்.

தம்பி ஊரில் இல்லாதது வழக்கைத் தடுக்காது. ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான கோரிக்கை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நடக்கும். சம்மன், கடன் பாரத்தில் எழுதிய விலாசத்துக்கு வரும். ஆள் இல்லை என்றால் வங்கியின் லாயர் மாற்று வழிச் சேர்ப்புக்கு உத்தரவு கேட்பார். வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், கோர்ட் பலகையில் ஒட்டுவார்கள், நாளிதழில் விளம்பரம் போடுவார்கள். சட்டப்படி அது நேரில் கொடுத்ததற்குச் சமம். அதன்பின் 14 நாளுக்குள் ஆஜராகும் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு விழும். அதை ரத்துச் செய்யக் கேட்க, தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் கெடு. ஆகவே வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் "அவன் இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பிரித்துப் படம் எடுத்து அன்றைக்கே தம்பிக்கு அனுப்புங்கள்.

இனி திவால். நொடிப்புச் சட்டம் 1967-இல் இப்போதைய அடிமட்டத் தொகை ஒரு லட்சம் ரிங்கிட். முன்பு 30,000, பிறகு 50,000 ஆக இருந்தது. உங்கள் பட்டியலில் எந்த ஒரு வங்கியின் பாக்கியும் இன்றைக்கு அந்த அளவைத் தொடவில்லை. ஆனாலும் ஒரே வங்கியில் கார்டும் கடனும் இருந்தால் அவை சேரும், வட்டியும் வழக்குச் செலவும் சேரும். கடன் கொடுத்த பலர் ஒன்றாகச் சேர்ந்து மனுப் போடவும் இடமுண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: கடன் கொடுத்தவரை ஏய்க்கும் நோக்கத்தோடு மலேசியாவை விட்டுப் போவதும், வெளியிலேயே தங்கிவிடுவதும் அந்தச் சட்டத்திலேயே திவால் செயலாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்பா விஷயம்: 2017 திருத்தத்துக்குப் பிறகு "சமூக ஜாமீன்தாரர்" மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. லாபம் எதுவும் பெறாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோகக் காடிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவர்தான் சமூக ஜாமீன்தாரர். தொழிலுக்கு ஓட்டாத காடி என்றால் உங்கள் அப்பா இதில் அடங்குவார். இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். அவரைத் திவாலாக்க முடியாது, அவ்வளவுதான். அவர் மீது வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், அவர் வங்கிக் கணக்கைப் பிடிக்கலாம், அவர் பெயரில் உள்ள நிலப் பட்டாவில் தடையாணை பதிந்து வீட்டை ஏலம் வரை கொண்டுபோகலாம். கடன் இல்லாத வீடு என்பதால்தான் வங்கிக்கு அது கண்ணில் படும். அவருடைய இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணம் இ.பி.எப்.-இல் இருக்கும் வரை கடன் கொடுத்தவர் தொட முடியாது. எடுத்து வங்கிக் கணக்கில் போட்டபின் அந்தப் பாதுகாப்பு இல்லை.

சிங்கப்பூருக்கு வந்து பிடிப்பார்களா என்றால், மலேசிய உயர்நீதிமன்றத் தீர்ப்பை அங்கே பதிவு செய்து அமலாக்கச் சட்ட வழி இருக்கிறது. இந்த அளவுத் தொகைக்கு வங்கி அந்தச் செலவில் இறங்குவது அரிது. இங்கேயே ஜாமீனும் வீடும் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

---

நெல்லிமரம்

ரொம்ப நன்றி. சமூக ஜாமீன் பத்திக் கேள்விப்பட்டிருந்தேன், ஆனா வீட்டைத் தொட முடியும்னு யாரும் சொல்லல. இன்னும் ரெண்டு சந்தேகம். கார்டு, தனிநபர் கடனுக்கு அப்பா ஜாமீன் இல்ல. அதுக்காகக் கோர்ட் ஆளுங்க வீட்டுக்கு வந்தா டிவி, பிரிட்ஜ் எல்லாம் எடுத்துட்டுப் போவாங்களா? அப்புறம், ஏர்போர்ட்ல, ஜோகூர் பாலத்துல தம்பியை நிறுத்திடுவாங்களா?

---

தீர்ப்பு நகல்

தம்பி மீது மட்டும் தீர்ப்பு என்றால் தம்பியின் பொருளை மட்டுமே கைப்பற்றலாம். ஆனால் பேலிஃப் (கோர்ட் அமலாக்க அதிகாரி) வந்து நிற்கும்போது எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் இருப்பதைப் பட்டியல் எழுதி முத்திரை ஒட்டிவிட்டுப் போவார். அப்பாவோ அம்மாவோ "இது என்னுடையது" என்று எழுத்தில் உரிமை கோர வேண்டும். வங்கி அதை மறுத்தால் கோர்ட் விசாரித்து முடிவு சொல்லும். அங்கே வாய்ப்பேச்சு நிற்காது, ரசீது வேண்டும். அதனால் பெரிய பொருள்களின் ரசீது அப்பா அம்மா பெயரில் இருக்கட்டும். வெப்பத்தாள் ரசீது என்றால் எழுத்து மங்கிவிடும், இப்போதே நகல் எடுத்து வையுங்கள். தம்பி பெயரில் தவணையில் எடுத்த டிவி என்றால் அது தம்பியுடையதுதான்.

பெற்றோர் பணம் தம்பியோடு ஜாயிண்ட் அக்கவுண்டில் இருந்தால், அதுவும் கடன் கொடுத்த அதே வங்கியிலேயே இருந்தால், பிரித்துவிடுங்கள். வங்கிக்கு முன்னறிவிப்புக் கொடுத்து ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தோட்டக் குடும்பங்களில் இது அதிகம் அடிபடுகிறது. தம்பி திவாலாக அறிவிக்கப்பட்டு, அந்த நிலையிலேயே அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் கணக்கு மாறும். தம்பிக்கு விழும் பங்கு அவன் கைக்குப் போகாமல் நொடிப்புத் துறை கைக்குப் போகும். அம்மா குடியிருக்கும் வீட்டில் அந்தத் துறை பங்காளி ஆகிவிடும். வீட்டைப் பெயர் மாற்றவும் விற்கவும் அதன் சம்மதம் வேண்டும். அப்பா இப்போதே ஓர் உயில் எழுதி வீட்டை அம்மாவுக்கோ உங்களுக்கோ வைப்பது நல்லது.

திவாலிலிருந்து தானாக விடுபடும் மூன்று ஆண்டுக் கணக்கு, நிலைமை அறிக்கையை (சொத்து, கடன் விவரம்) நொடிப்புத் துறையிடம் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் தொடங்கும். அதற்குமேல் துறை நிர்ணயிக்கும் தொகையைக் கட்டுவது போன்ற நிபந்தனைகளும் உண்டு. வெளிநாட்டில் மறைந்திருப்பவர் அந்த அறிக்கையைக் கொடுப்பதே இல்லை. அவருக்குப் பத்து ஆண்டு போனாலும் முதல் நாள் தொடங்கியிருக்காது.

---

எல்லைக்கல்

ஏர்போர்ட் கேள்விக்கு நான் சொல்றேன்.

கார்டு கட்டலைங்கிறதுக்காக வங்கி தானா யாரையும் இமிகிரேஷன்ல நிறுத்த முடியாது. கடன் கட்டாதது குற்ற வழக்கும் இல்ல. நிறுத்துற அதிகாரம் வேற இடங்கள்ல இருக்கு. திவாலானவர் நொடிப்புத் துறை அல்லது கோர்ட் அனுமதி இல்லாம நாட்டை விட்டுப் போகக் கூடாது. வருமான வரி பாக்கி இருந்தா, வரிச் சட்டம் 1967 பிரிவு 104-இன் கீழ் இமிகிரேஷனுக்குத் தகவல் போகும், அங்கேயே நிறுத்துவாங்க. பி.டி.பி.டி.என் பாக்கிக்காரங்களுக்கும் முன்னாடி பயணத் தடை இருந்துச்சு, 2018-ல அதை எடுத்துட்டாங்க. அதை நம்பி கட்டாம விட வேணாம். இது அரசு முடிவைப் பொறுத்து மாறுற விஷயம்.

யூகம் பண்ண வேண்டியதில்ல. இமிகிரேஷன் துறையோட எஸ்.எஸ்.பி.ஐ. இணையப் பக்கத்துல ஐசி (அடையாள அட்டை) நம்பரைப் போட்டா, தடை இருக்கா இல்லையான்னு உடனே காட்டும். டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாருங்க. பல பேரு போகும்போது மாட்டுறதில்ல. தீபாவளிக்கு வந்துட்டு வேலைக்குத் திரும்பும்போதுதான் மாட்டுறாங்க, அங்க வேலை போயிடுது.

வரியில ஒரு சின்ன வேலை இருக்கு, இதை விட்டுடறவங்க அதிகம். மூணு மாசத்துக்கு மேல வெளிநாடு போற ஊழியரைப் பத்தி முதலாளி சி.பி.21 பாரத்தை ஒரு மாசத்துக்கு முன்னாடியே வரி வாரியத்துக்கு அனுப்பணும். அனுப்பினதும் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கணும். வரித் தீர்வுக் கடிதம் வந்தாலோ 90 நாள் முடிஞ்சாலோதான் கொடுப்பாங்க. தம்பி கடைசிச் சம்பளத்தை வெச்சு காடிப் பள்ளத்தை மூடலாம்னு கணக்குப் போட்டிருந்தா, அந்தப் பணம் கிளம்புற நேரத்துல கையில இருக்காது. இன்னிக்கே கம்பெனி மனிதவளப் பிரிவுல பேசச் சொல்லுங்க.

பி.டி.பி.டி.என்-ஐப் பத்திக் கவலைப்பட வேணாம், அது ஒண்ணுதான் வருஷத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா (சேவைக் கட்டணம்). 19,000-க்கு 190 ரிங்கிட். மாசத் தவணை கஷ்டம்னா மறுசீரமைப்புக் கேட்கலாம். ஆனா கட்டாம விட்டா அதுவும் சிசிரிஸ் கடன் பதிவேட்டுல தெரியும். பழைய ஒப்பந்தம்னா ஜாமீன் கையெழுத்து யாரு போட்டதுன்னு எடுத்துப் பாருங்க. பல வீட்டுல அது அத்தையோ மாமாவோ போட்டிருப்பாங்க, குடும்பமே மறந்திருக்கும்.

---

வாசலில் துளசி

கூட்டைப் பத்தி யாரும் தொடலையே, நான் சொல்றேன்.

16 மாசம் 200-ன்னா 3,200 ரிங்கிட். பட்டியல்லயே சின்னத் தொகை. ஆனா இதுக்குக் கோர்ட் கிடையாது. கூட்டுப் பிடிக்கிறதைத் தொழிலா நடத்துறதையே 1971 கூட்டு நிதித் தடைச் சட்டம் தடை பண்ணியிருக்கு, அதனால கூட்டு நடத்துற அம்மா வழக்குப் போட முடியாது. அதை வெச்சு "அப்போ விட்டுடலாம்"னு நினைக்காதீங்க. நடக்கிறது என்னன்னா, இருபது பேரு 200 போட்டா மாசம் 4,000 சேரும். தம்பி முன்னாடியே 4,000 எடுத்துட்டான். இனி அவன் கட்டாத ஒவ்வொரு மாசமும் 3,800-தான் சேரும். அந்தக் குறைவு நடத்துற அம்மா தலையில விழும், இல்லைன்னா கடைசி மாசத்துக்குக் காத்திருக்கிறவங்க தலையில விழும். கடைசியில எடுக்குறவங்க யாரு? மகள் கல்யாணத்துக்கு, பிள்ளை காலேஜுக்குன்னு பொறுத்துக் கிடக்குறவங்க. உங்க அப்பா அம்மா தினம் அவங்க முகத்துல முழிக்கணும்.

எடுத்து முடிச்ச சீட்டை வேற ஆளுக்கு மாத்த முடியாது, யாரும் வாங்க மாட்டாங்க. அதனால ரெண்டு வழிதான். முடிஞ்சா 3,200-ஐ மொத்தமா நடத்துற அம்மாகிட்ட கொடுத்து, அவங்க நோட்டுல "16 மாசமும் முன்பணமா வந்தது"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. முடியலைன்னா, மாசா மாசம் தம்பி உங்க கணக்குக்கு அனுப்பி, நீங்க கையில கொடுங்க. அப்பாவை இதுல இழுக்காதீங்க, அவர் தன் கையிலிருந்து போட ஆரம்பிச்சிடுவாரு.

இன்னொண்ணு. கிளம்புற அவசரத்துல டிக்கெட்டுக்கும் வாடகை முன்பணத்துக்கும்னு ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) போயிடாம பார்த்துக்குங்க. வெளிநாடு போற பசங்களைத்தான் அவனுங்க தேடிப் பிடிப்பானுங்க, ஐசி நகலும் வீட்டு விலாசமும் வாங்கி வெச்சுக்குவானுங்க. ஆள் போனதும் கேட்டுல சங்கிலி, சுவத்துல சிவப்புப் பெயிண்ட். லைசென்ஸ் உள்ள வட்டிக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வருஷம் 18 விழுக்காட்டுக்கு மேல, அடமானம் உள்ளதுக்கு 12-க்கு மேல வாங்கக் கூடாது. மாசத்துக்கு இத்தனை விழுக்காடுன்னு யாராவது பேசினாலே எழுந்து வந்துடுங்க.

---

செம்பனைக் குலை

கிராணி அண்ணே சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு வேற கருத்து. வட்டியைப் பார்த்தா முதல்ல அடைக்க வேண்டியது கார்டுதானே? 18 விழுக்காடு ஓடுது. 14,000-க்கு மாசம் 210 ரிங்கிட் வட்டி மட்டும். காடி லோன் வட்டி அதுல பாதி கூட வராது. கையில இருக்கிற காசைக் காடிப் பள்ளத்துல கொட்டிட்டு கார்டை விட்டா நஷ்டம்தான்.

---

பழைய கிராணி

தம்பி, கணக்கு நீங்க சொல்றது சரி. கடன் எல்லாம் ஒருத்தர் தலையிலேயே இருந்தா நானும் கார்டைத்தான் முதல்ல சொல்வேன். இங்க அப்பாவோட வீடு நடுவுல நிற்குது. கார்டு வட்டி ஏறினா நஷ்டம் நெல்லிமரத்தோட தம்பிக்கு, சம்பாதிச்சு அடைச்சுக்கலாம். காடி லோன் முறிஞ்சா நஷ்டம் சம்பாதிக்க முடியாத வயசுல இருக்கிற மனுஷனுக்கு. அதனால கையிருப்புக் காசு காடிக்கு, மாசச் சம்பளம் கார்டுக்கு. கார்டு வட்டியைக் குறைக்க வேற வழி இருக்கு: வங்கியில கேட்டு நிலுவையைத் தவணைக் கடனா மாத்திக்கலாம், வட்டி இறங்கும். மாத்தினதும் அந்த கார்டை மூடிடச் சொல்லுங்க. சும்மா 5 விழுக்காடு குறைந்தபட்சம் மட்டும் கட்டிக்கிட்டே இருந்தா அசல் நகரவே நகராது.

---

செம்பனைக் குலை

வீட்டை வெச்சுப் பார்த்தா சரிதான் அண்ணே. அப்போ ஏ.கே.பி.கே. வழியையும் சேர்த்து எழுதிடறேன், இதுக்கு அது பொருந்தும்.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல ஆரம்பிச்ச கடன் ஆலோசனை நிறுவனம், சேவை இலவசம். ஈப்போவுல கிளை இருக்கு, ஆன்லைன்லயும் விண்ணப்பிக்கலாம். கார்டு ரெண்டையும் தனிநபர் கடனையும் ஒண்ணாச் சேர்த்து, வங்கிகளோட அவங்களே பேசி, வட்டியைக் குறைச்சு ஒரே மாசத் தவணை ஆக்குவாங்க. காசு கேட்டு "கடனைச் சீர் பண்ணித் தர்றோம்"னு விளம்பரம் போடுற கம்பெனி எதுவும் ஏ.கே.பி.கே. இல்ல, குழம்பிடாதீங்க.

இதுல நேரம்தான் முக்கியம். மாசச் செலவு போக மிச்ச வருமானம் இருக்குன்னு காட்டினாதான் திட்டம் கிடைக்கும். சம்பளச் சீட்டு கேட்பாங்க. வேலையை ராஜினாமா பண்ணிட்டு, சிங்கப்பூர்ல முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற இடைவெளியில போனா கையில காட்ட ஒண்ணும் இருக்காது. இப்பவே போகணும், புது வேலைக் கடிதத்தையும் எடுத்துட்டுப் போய் வெளிநாடு போறதை மறைக்காம சொல்லணும். திட்டத்துல சேர்ந்தா கார்டு எல்லாம் ரத்து, புதுக் கடனும் எடுக்க முடியாது, சிசிரிஸ்லயும் குறிப்பு இருக்கும். தவணை தொடர்ந்து தவறினா திட்டமே ரத்தாகி வங்கிகள் பழைய வட்டிக்குத் திரும்பிடும்.

திட்டம் வேணாம்னு நேரா வங்கியிலயே பேசினாலும், வாயால பேசினதை நம்பாதீங்க. எந்தத் தள்ளுபடியும், எந்தத் தவணை மாற்றமும் கடிதமாவோ மின்னஞ்சலாவோ வரணும். வசூல் ஏஜென்ட் "என் கணக்குல போடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்"னா போடாதீங்க, கடன் கணக்கு நம்பருக்கு மட்டும் கட்டுங்க. முழுசா முடிச்சதும் தீர்வுக் கடிதம் வாங்கி, சிசிரிஸ்லயும் சிடோஸ்லயும் (தனியார் கடன் அறிக்கை நிறுவனம்) பாக்கி பூஜ்யம் ஆயிடுச்சான்னு பார்க்கணும். சிசிரிஸ் அறிக்கையை இ-சிசிரிஸ்ல இலவசமா எடுக்கலாம், கடைசி 12 மாசத் தவணை நிலவரம் மாசவாரியாத் தெரியும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தா, மறந்துபோன பழைய கார்டு ஏதாவது இருந்தாலும் கண்ணுல படும்.

---

நெல்லிமரம்

காடியை விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம், வங்கியில தீர்வுத் தொகை கேட்டிருக்கோம். அடுத்த வாரம் ஈப்போவுக்கு ஏ.கே.பி.கே. போறான். கடைசியா ஒண்ணு: அங்கிருந்து மாசா மாசம் பணம் கட்டுறதுல என்ன சிக்கல் வரும்?

---

எல்லைக்கல்

பணம் அனுப்புறது சுலபம், 2023 நவம்பர்லருந்து சிங்கப்பூரோட பேநவ், நம்ம டூயிட்நவ் ரெண்டு உடனடிப் பணமாற்ற முறைக்கும் இணைப்பு இருக்கு. சிங்கப்பூர் வங்கிச் செயலியிலருந்து மலேசியா போன் நம்பருக்கே அனுப்பலாம், அதுல இல்லாத வங்கின்னா வழக்கமான பணமாற்றச் செயலி இருக்கு. தவறுறது வேற இடத்துல.

முதலாவது போன் நம்பர். நம்ம வங்கிச் செயலிகள் இப்ப ஒரே ஒரு போனைத்தான் ஒப்புதல் கருவியா வெச்சுக்குது. சிங்கப்பூர் போனதும் புதுப் போன் வாங்கி, பழைய மலேசியா சிம்மைத் தூக்கிப் போட்டா, புதுப் போனைப் பதிவு பண்ண வங்கி பழைய நம்பருக்குத்தான் சேதி அனுப்பும். பல வங்கியில ஏ.டி.எம்-க்கோ கிளைக்கோ வரச் சொல்லும். அதுக்குள்ள ரெண்டு தவணை தவறிடும். ப்ரீபெய்ட் சிம்மை ரோமிங்ல உயிரோட வெச்சு, காலாவதி ஆகுறதுக்கு முன்னாடி ரீலோட் பண்ணிக்கிட்டே இருக்கணும். மலேசியாவுல இருக்கிறவங்களும் அந்த நம்பருக்கு ரீலோட் போடலாம்.

ரெண்டாவது, தவணைகளை நிலையான உத்தரவுல (கணக்கிலருந்து மாசா மாசம் தானா பணம் போற ஏற்பாடு) போடச் சொல்லுங்க. ஆனா சம்பளம் வர்ற தேதியையும் தவணை தேதியையும் பாருங்க. சிங்கப்பூர்ல பல கம்பெனி மாசக் கடைசியில சம்பளம் போடுது, தவணை 1-ஆம் தேதின்னா பணம் வந்து சேர்றதுக்குள்ள உத்தரவு தோத்துடும். தேதியை 7-ஆம் தேதிக்கு மாத்தி, கணக்குல எப்பவும் ஒரு மாசத் தவணை மிச்சம் இருக்கிற மாதிரி வெச்சுக்கணும். பன்னிரண்டு மாசம் எந்த நடமாட்டமும் இல்லாத கணக்கு முடங்கிடும், அதனால ஒரே ஒரு கணக்கை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை மூடிடலாம்.

மூணாவது, விலாசம். எல்லா வங்கியிலயும் பி.டி.பி.டி.என்-லயும் புது மின்னஞ்சல், சிங்கப்பூர் நம்பர் ரெண்டையும் கொடுத்துட்டு, கடித விலாசம் மட்டும் உங்க வீடாவே இருக்கட்டும். ஒப்பந்தத்துல "கடைசியாத் தெரிஞ்ச விலாசத்துக்கு அனுப்பினா சேர்ந்ததாகக் கருதப்படும்"னு ஒரு வரி இருக்கும், யாரும் இல்லாத வாடகை வீட்டு விலாசம் கொடுத்தா அந்த வரிதான் கடிக்கும். கூடவே உங்க நம்பரையும் அவசரத் தொடர்பாப் போடுங்க, அப்பா நம்பரை எடுத்துடுங்க. தவணை ஒரு நாள் தவறினாலும் வசூல் ஆளுங்க முதல்ல கூப்பிடுறது அந்த நம்பருக்குத்தான்.